பச்சைப் புள்ளி போட்ட காளான் சூப்பு: அம்மாவின் பணி நிறைவு இரவில் புதுச்சேரியில் நடந்தது

மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் 34 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த என் அம்மா, 2025 மே 31-ஆம் தேதி பணி நிறைவு பெற்றார். கோடை விடுமுறையில் வந்த நாள் என்பதால் பள்ளியில் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. சக ஆசிரியர்கள் சிலர் மட்டும் தலைமை ஆசிரியர் அறையில் கூடி, சால்வை போர்த்தி, கேசரியும் மிக்சரும் கொடுத்து, பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவைத்துவிட்டார்கள். இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்ததால், அன்றைய இரவையாவது அவருக்கு நினைவில் நிற்கும்படி செய்ய வேண்டும் என்று நானும் என் கணவரும் திட்டமிட்டிருந்தோம். புதுச்சேரி ஒயிட் டவுனில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றைப் புதுப்பித்து நடத்தும் உயர்தர உணவகம் ஒன்றில் மே 23-ஆம் தேதியே மேசை பதிவு செய்து, ஜிபே மூலம் 1,000 ரூபாய் முன்பணமும் செலுத்தினேன். உணவகத்தின் பெயரை எழுதப் போவதில்லை.

தொலைபேசியில் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மாடிப்படி ஏற இயலாது. ஏசி காற்று ஒத்துக்கொள்ளாது, ஆகவே கீழே முற்றத்தில்தான் மேசை வேண்டும். சனிக்கிழமைகளில் அவர் அசைவம் தொடமாட்டார், முட்டைகூடக் கூடாது. "எல்லாம் நோட் பண்ணிட்டோம் மேடம்" என்றது மறுமுனை.

சனிக்கிழமை மாலை கடலூரிலிருந்து புதுச்சேரிக்குள் நுழைவது எப்படியிருக்கும் என்பது இந்தச் சாலையில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். தவளக்குப்பம் தாண்டும் வரை ஓடிய கார், அரியாங்குப்பத்தில் ஊர்ந்தது. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பதால், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, பட்டுப் புடவையில் இருந்த அம்மாவைக் கைபிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனோம். 7.30 மணிக்குப் பதிவு, 7.25-க்கு வாசலில் நின்றோம்.

வாசலில் டேப்லெட்டும் கையுமாக நின்ற இளைஞர் எங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, மேசை தயாராகிக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் பிரம்பு பெஞ்சு ஒன்றைக் காட்டினார். அந்தப் பெஞ்சில் நாங்கள் நாற்பது நிமிடங்கள் உட்கார்ந்திருந்தோம். ஒரு குவளைத் தண்ணீர்கூட வரவில்லை. எங்களுக்குப் பின்னால், பதிவு செய்யாமலே வந்த பத்துப் பேர் கொண்ட நண்பர் கூட்டம் ஒன்று நேராக முற்றத்துக்குள் அழைத்துச் செல்லப்பட்டு, மாமரத்தடியில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அமர்த்தப்பட்டது. அதைப் பார்த்தபோதுதான் எங்கள் மேசை எது என்பது எனக்கு விளங்கியது. பிறகு எங்களை மாடிக்கு அழைத்தார்கள். முழங்கால் வலியைப் பற்றி நான் மீண்டும் சொன்னபோது, "கீழே ஃபுல் மேடம்" என்பதே பதில். வேறு எங்காவது போய்விடலாம் என்று கணவர் சொன்னார். "முன்பணம் கட்டியாச்சே, மெதுவா ஏறிடறேன்" என்று அம்மாதான் ஏறினார். பத்தொன்பது படிகள், எண்ணியவரும் அவர்தான். மேலே எங்களுக்கு ஒதுக்கியிருந்த மேசை, எச்சில் தட்டுகளை அடுக்கும் அலமாரிக்கும் ஏசி வாய்க்கும் நடுவில் இருந்தது.

பரிமாற வந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். வெளிமாநிலத்தவர், தமிழ் அறவே தெரியவில்லை. அம்மா தமிழில் கேட்பார், அவர் திரும்பி என் கணவரைப் பார்ப்பார். அந்தப் பையன் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, "இந்தச் சூப்பில் என்ன போட்டிருக்கிறார்கள்?" என்று ஒரு தமிழாசிரியை தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்களே, அந்த நிர்வாகத்தின் மீதுதான் கோபம்.

பட்டியலில் பச்சைப் புள்ளி போட்டிருந்த காளான் சூப்பை அம்மா தேர்ந்தெடுத்தார். இரண்டாவது கரண்டியில் நிறுத்தி, கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். "இதுல கோழி வாசனை வருதே" என்றார். நான் பையனை அழைத்துக் கேட்டேன். "நோ சிக்கன் மேடம், ஒன்லி மஷ்ரூம்" என்று சிரித்தார். சமையலறையில் கேட்டு வரும்படி இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் கீழே போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, நல்ல செய்தி கொண்டுவந்தவர்போல, "நோ சிக்கன் பீஸ் மேடம், ஒன்லி ஸ்டாக் இஸ் சிக்கன்" என்றார். கோழித் துண்டு இல்லை, சூப்பின் அடிச்சாறுதான் கோழி என்று பொருள். அம்மா எதுவும் பேசாமல் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அதன் பிறகு அன்றிரவு அவர் அங்கே சாப்பிட்டது, வெண்ணெய் தடவாத இரண்டு துண்டு ரொட்டி.

மேலாளரை வரச்சொல்லி மூன்று முறை கேட்டேன். அவர் மாடிப்படித் திருப்பத்தில் நின்று, முற்றத்துக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தது எங்கள் மேசையிலிருந்தே தெரிந்தது. பையன் போய்ச் சொன்னதும் ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்; பேச்சைத் தொடர்ந்தார். இன்றுவரை என்னால் விழுங்க முடியாதது அந்தப் பார்வைதான். கோழிச் சாறு கவனக்குறைவால் கலந்திருக்கலாம். பார்த்த பிறகும் வராதது கவனக்குறைவில் சேராது.

மீன் விஷயம் சிறியது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவர். 'இன்று பிடித்த கொடுவா' என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்ததும் அவருக்குச் சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப் படகுகள் போகும், பண்ணையில் வளர்த்த கொடுவாவும் கிடைக்கும். ஆகவே நல்ல மீன் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்வதற்கில்லை. ஆனால் தட்டில் வந்ததை முள்கரண்டியால் அழுத்தியபோது நீர் கசிந்தது. புது மீன் வெந்தால் இதழ் இதழாகப் பிரியும். இதுவோ முள்ளும் இல்லாமல், மணமும் இல்லாமல், பஞ்சுபோல் அமுங்கியது. ஐஸில் வந்த பாசா என்ற வளர்ப்பு மீன் என்பது அப்பாவின் கணிப்பு. பாதியோடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "கொடுவாவுக்கு இது சித்தப்பா பையன்கூட இல்லை" என்றார். அன்றிரவு எங்கள் மேசையில் எழுந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

பில் வந்தது. உணவு 5,840 ரூபாய், அதற்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம் 584 ரூபாய், இரண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி 321.20 ரூபாய், ஆக மொத்தம் 6,745.20 ரூபாய். முன்பணத்தைக் கழிக்கவே இல்லை. கைபேசியில் ரசீதைக் காட்டிய பிறகு கழித்தார்கள். சேவைக் கட்டணத்தை நீக்கச் சொன்னபோது, அது "ஹவுஸ் பாலிசி" என்றும் கணினியில் தானாக ஏறிவிடும் என்றும் கல்லாவில் இருந்தவர் சொன்னார். சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைக் கூட்டிய தொகைக்கு ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. அந்த நெறிகள் செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. இதையெல்லாம் என் கணவர் எடுத்துச் சொன்னபோது, "அது டெல்லி சார்" என்றார் கல்லாக்காரர். மணி பத்தரை. அம்மா கீழே வாசல் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முழுத் தொகையையும் கட்டிவிட்டு வெளியேறினோம்.

ஒன்றை விட்டுவிட்டேன். பில் கோப்புக்குள் கருத்து எழுதும் அட்டை ஒன்று இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில் அச்சடித்தது. அம்மா கைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, கரும்பலகையில் எழுதுவதுபோல் முத்து முத்தாக எழுதினார்: "காளான் சூப்பில் கோழிச் சாறு உள்ளது. பச்சைப் புள்ளியை நீக்கவும்." கீழே தேதியும் சுருக்கொப்பமும் இட்டார். விடைத்தாளில் இடும் அதே சுருக்கொப்பம்.

இதே போன்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, சேவைக் கட்டணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் யாரேனும் உண்டா?

லாஸ்பேட்டை, புதுச்சேரி

சகோதரிக்கு வணக்கம். எங்கள் பத்தாவது திருமண நாளில் இதே பகுதியிலுள்ள வேறொரு உணவகத்தில் 8 மணிக்கு மேசை பதிவு செய்திருந்தோம். முதல் தட்டு வந்ததே 8.50 மணிக்கு. 9.15 மணிக்கு ஒருவர் வந்து, அடுத்த பதிவு 9.30-க்கு இருப்பதாகவும் இனிப்பை வேண்டுமானால் கட்டிக் கொடுத்துவிடுவதாகவும் பணிவாகத்தான் சொன்னார். பதிவு செய்தபோது இப்படியொரு நேரக் கெடு இருப்பதாக எவரும் சொல்லவில்லை. என் மனைவியின் பெயர் எழுதிய கேக்கை அட்டைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு காந்தி சிலைக்கு நடந்தோம். அங்கே கரண்டி இல்லாமல் அதைச் சாப்பிட்ட விதத்தை இங்கே எழுத வேண்டாம். சேவைக் கட்டணத்தைப் பொறுத்தவரை, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யலாம். பில்லின் படத்தைக் கேட்பார்கள், பத்திரப்படுத்தி வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

நான் புதுச்சேரியிலும் சென்னையிலும் பதினோரு ஆண்டுகள் ஹோட்டல்களில் பரிமாறுபவராகவும் பிறகு அவர்களை மேற்பார்க்கும் கேப்டனாகவும் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன். நடந்ததற்குச் சமாதானம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, எங்கே அறுந்தது என்று காட்டுவதற்காகவே எழுதுகிறேன்.

நீங்கள் தொலைபேசியில் சொன்னவை வாசலில் இருக்கும் பதிவுக் கணக்கில் ஏறியிருக்கும். ஒவ்வொரு மாலையும் கடை திறக்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் நிறுத்திவைத்து, இந்த மேசைக்கு முழங்கால் வலி, அந்த மேசைக்குச் சைவம் என்று கேப்டன் படித்துக் காட்ட வேண்டும். சனி, ஞாயிறுகளில் முதலில் கைவிடப்படுவது இந்தக் கூட்டம்தான். அதைக் கைவிட்டால், கே.ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் சமையலறைச் சீட்டில் 'சுத்த சைவம்' என்ற குறிப்பு ஏறாது. சீட்டில் எழுதாத எதுவும் சமையல்காரரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. அவர் முன்னால் காலையிலிருந்து ஓர் அண்டாவில் கோழி எலும்புச் சாறு கொதித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் சிறிய பாத்திரத்தில் காய்கறிச் சாறு இருக்கும். சிறிய பாத்திரம் எட்டு மணிக்கே காலியாகிவிட்டால் கை அண்டாவுக்குப் போகும். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாய் திறக்காமல் இருந்துமிருக்கிறேன்.

முற்றத்து மேசையைப் பத்துப் பேருக்குக் கொடுத்ததற்குக் காரணம் அவர்கள் மது அருந்துவார்கள் என்பதுதான். அப்படிப்பட்ட மேசையின் பில் உங்கள் மேசையைப்போல் ஐந்தாறு மடங்கு வரும். மேலாளர் உங்களிடம் வராமல் அங்கேயே நின்றதும் அதனால்தான். சேவைக் கட்டணம் ஊழியருக்குப் போகிறது என்று பலர் நினைத்து, மனமிரங்கிக் கட்டிவிடுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அதை உண்மையாகவே எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் உடைந்த கண்ணாடிக் குவளைகளின் கணக்கு போக மீதிதான் வந்தது; மீதி வந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பையனுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவர் கையில் கொடுங்கள்.

உங்கள் அம்மா அந்த அட்டையில் எழுதியதைப் படித்தபோது எனக்கு என் ஆறாம் வகுப்பு தமிழய்யா நினைவுக்கு வந்தார்.

மஞ்சக்குப்பம், கடலூர்

இருவருக்கும் மிக்க நன்றி. 1915-இல் பேசினேன். பில்லின் படத்தை அனுப்பிப் புகார் எண் பெற்ற பதினோராவது நாள், சேவைக் கட்டணம் 584 ரூபாயும் அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி 29.20 ரூபாயும் சேர்த்து 613.20 ரூபாய் என் கணக்குக்கு வந்துவிட்டது. கூடவே குறை தீர்க்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி. உணவகத்திலிருந்து ஓர் அழைப்போ, வருத்தம் தெரிவித்து ஒரு வரியோ வரவில்லை. சூப்பைப் பற்றித் தனியாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன்; அதற்கும் பதில் இல்லை.

ஜூலை கடைசியில் என் அலுவலகத் தோழி ஒருவர் அதே இடத்துக்குப் போய் உணவுப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பினார். புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். காளான் சூப்புக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இல்லை. விலையில் மட்டும் நாற்பது ரூபாய் ஏறியிருக்கிறது. படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, "கீழே தக்காளி சூப்புல இன்னும் இருக்கு பார், அதையும் கேட்கச் சொல்லு" என்றார்.