பழைய பாலத்து பீமில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தடா சூப்பர்வைசர்:
எங்கள் பக்கம் பக்கிங்காம் கால்வாய் மேல் பழைய கான்கிரீட் பாலங்கள் உண்டு. பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. அப்படி ஒரு பாலத்தின் ரிப்பேர் வேலையில் இருந்தேன். பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல், காரை பெயர்ந்து மெயின் கம்பி வெளியே தெரிந்தது. பார்க்க வந்த எல்லாரும் அதைக் காட்டி "போயிந்தி, பாலமே போயிந்தி" (தெலுங்கில் 'போச்சு') என்றார்கள்.

துருவைச் சுரண்டிவிட்டு, கம்பியின் தடிமனை அளக்கும் காலிபர் வைத்தோம். 25 எம்எம் கம்பி 23 இருந்தது. குறுக்குப் பரப்பில் சுமார் 15 சதவீதம் இழப்பு. சின்ன விஷயமில்லை, ஆனால் அதைவிட மோசமான இடம் வேறு. பீமின் முனையில், பில்லர் மேல் உட்காரும் பக்கத்தில், 8 எம்எம் ரிங் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) சில இடங்களில் 5 எம்எம் ஆகியிருந்தது. பரப்பைக் கணக்குப் போட்டால் 60 சதவீதத்துக்கு மேல் காணோம்!

காரணம் எளிது. ரிங் மெயின் கம்பிக்கு வெளியே சுற்றி வருவதால் அதன் மேல் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், குறைவு; உப்பு முதலில் அதைத்தான் தொடும். மேலே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (பாலம் வெயிலில் விரிய விடும் இடைவெளியின் மூடி) கிழிந்து மழைநீர் ஒழுகுவதும் அதே முனையில். பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டு விசை அதிகம் வருவதும் அங்கேதான்; அதைத் தாங்குவது ரிங். மெயின் கம்பி பலவீனமானால் பீம் பெரும்பாலும் தொய்ந்து, விரிந்து, முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ரிங் போனால் சாய்வாக ஒரு விரிசல் ஓடி, திடீரென்று முடிந்துவிடும். அதனால் நான் எந்தப் பாலத்தடியில் நுழைந்தாலும் முதலில் முனையைத்தான் பார்ப்பேன்.

கொல்லங்கோட்டுக்காரன்:
இங்கே கடலோரமாக ஓடும் ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம். காரை பெயர்ந்த இடத்தில் மட்டும் சிமென்ட் பூசி வெள்ளையும் அடித்தார்கள். கொஞ்ச நாளில் பூச்சுக்குப் பக்கத்திலேயே புது விரிசல். மேஸ்திரி மேல் பழி போட்டார்கள், பாவம்.

தடா சூப்பர்வைசர்:
மேஸ்திரி என்ன செய்வார்? சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறதே. புதுப் பூச்சுக்குள் இருக்கும் கம்பி தப்பிக்கிறது, ஒட்டியிருக்கும் பழைய பகுதிக் கம்பி வேகமாகத் துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளினால் எந்தப் பூச்சும் நிற்காது. அப்புறம் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பும் தளரும். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்திருக்க வேண்டும்.

சித்தூர் தம்பி:
அண்ணே, எங்கள் ஊரில் கடலே கிடையாது. ஆனாலும் பீமில் துரு?

தடா சூப்பர்வைசர்:
காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வேலை, தம்பி. நல்ல கான்கிரீட்டின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12.5க்கு மேல் இருக்கும், அதுதான் கம்பிக்குக் காவல். வருஷக்கணக்கில் அந்த வாயு உள்ளே ஊறி பிஎச் 9க்குக் கீழே போனால் காவல் போச்சு. அதோடு ஈரமும் சேர்ந்தால் துருதான். கொத்திய புது இடத்தில் பினால்ப்தலீன் என்ற, காரம் பட்டால் நிறம் மாறும் கரைசலைத் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரோஸ் நிறம் வந்தால் அந்த இடம் இன்னும் காரமாக இருக்கிறது. கம்பியைச் சுற்றி நிறமே வரவில்லை என்றால் கவர் முழுக்கச் செத்துவிட்டது. ஆனால் நீங்களே உளி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், பாலத்தைப் பராமரிக்கும் துறைக்கு ரிங் தெரியும்படி போட்டோ எடுத்து எழுத்தில் கொடுங்கள்.