தஞ்சாவூர் ஓவியத்தைப் படமெடுத்தால் தங்கம் கறுத்துப்போகிறது

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் பாட்டி காலத்து வெண்ணெய்க் கிருஷ்ணன் படம் இருக்கிறது. இரண்டடி உயரம். சட்டம் உளுத்துவிட்டதால் கண்ணாடியைக் கழற்றப் பயமாக இருக்கிறது. கண்ணாடியோடேயே ஒரு நல்ல பிரதி எடுக்க மூன்று வாரமாகப் போராடுகிறேன்.

நிக்கான் டி7500 கேமரா, 50 எம்எம் லென்ஸ், அதில் 58 எம்எம் சிபிஎல் ஃபில்டர் (பளிச்சிடலைக் குறைக்கத் திருப்பக்கூடிய போலரைசிங் ஃபில்டர்). இரண்டு பக்கமும் 45 டிகிரியில் எல்இடி விளக்குகள்.

முதலில் சிபிஎல் மட்டும் போட்டேன். கண்ணாடியில் விளக்கின் பளிச்சிடல் குறைந்ததே தவிரப் போகவில்லை. அப்புறம் இரண்டு விளக்குக்கும் ஒரே திசையில் போலரைசிங் ஷீட் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) ஒட்டி, சிபிஎல்லைத் திருப்பினேன். பளிச்சிடல் சுத்தமாக மறைந்தது, கிருஷ்ணனின் நீலம் அவ்வளவு அழகாக வந்தது. ஆனால் தங்கத்தாள் முழுக்கக் கறுப்பு! உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் போலரைசேஷன் (அதிரும் திசை) பெரும்பாலும் மாறாததால் அதையும் ஃபில்டர் தடுத்துவிடுகிறது என்று புரிகிறது. கொஞ்சம் திருப்பினால் தங்கம் எட்டிப் பார்க்கிறது, கூடவே கண்ணாடிப் பளிச்சிடலும் வந்துவிடுகிறது. ஷீட் இல்லாமல் ஒன்று, ஷீட்டோடு ஒன்று எடுத்துக் கணினியில் சேர்த்தும் பார்த்தேன். கல் பதித்த ஓரங்களில் ஒட்டுப்போட்டது தெரிகிறது.

கண்ணாடியைக் கழற்றாமல், தங்கத்தின் மினுமினுப்பு மட்டும் திரும்பி வர விளக்குகளை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?