கேப் எவன்ஸ் குடில்: துருவை நீக்கினோம், கரியை விட்டுவைத்தோம்

அண்டார்க்டிகாவின் குளிரில் எதுவும் கெட்டுப்போகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ராஸ் தீவின் கேப் எவன்ஸில் 1911-இல், தென்துருவம் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழுவினர் எழுப்பிய மரக்குடிலின் பொருள்களைப் பேணும் பணிக்காக, நியூசிலாந்தின் ஆய்வு நிலையமான ஸ்காட் தளத்தில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தவள் என்ற முறையில் அங்கே கண்டதை எழுதுகிறேன். குடில் கடலோரத்தில் நிற்பதால், புயல் வீசும்போதெல்லாம் உப்பு வந்து படிகிறது. கோடையில் பனி உருகிக் கசியும் ஈரம் அந்த உப்புடன் சேர்ந்து இரும்பை அரிக்கிறது. ஈரம் தங்கிய பலகைகளை, அந்தக் குளிரிலும் வளரும் பூஞ்சை இளக்கிவிடுகிறது.

கோடையில் குடிலிலிருந்து கொண்டுவந்த பொருள்களை, ஏப்ரல் இறுதியில் மறையும் சூரியன் ஆகஸ்டில் மீண்டும் தலைகாட்டும்வரை, தளத்துப் பட்டறையில் சீர்செய்தோம். என் மேசைக்கு வந்தவற்றில் உணவு டின்களே அதிகம். ஒன்றின் அடிப்பகுதி துருவேறிப் பிளந்து, உள்ளிருந்த கொழுப்பு கசிந்து காகித லேபிளில் பழுப்பாக ஊறியிருந்தது. லேபிளை லேசாக ஈரப்படுத்தி, மெல்லிய ஸ்பாட்டுலாவைச் செருகிச் செருகிப் பிரித்தெடுக்கவே ஒரு பகல் முழுதும் போயிற்று (பகல் என்பது அங்கே கடிகாரம் சொல்வதுதான்). அதன் பிறகே துருவைச் சுரண்டி, காரக் கரைசலில் ஊறவைத்து உப்பை வெளியேற்றி, உலர்த்தி, மேலும் துருப்பிடிக்காமல் காக்கும் டானிக் அமிலம் பூசி, லேபிளை மறுபடி ஒட்ட முடிந்தது.

ஆனால் ஒரு மரப்பெட்டியின் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கான கரியை நாங்கள் தொடவில்லை. 1915 மே மாதத்தில் 'அரோரா' கப்பல் புயலில் அடித்துச் செல்லப்பட்டதால், துருவப் பயணி ஷாக்கில்டன் அனுப்பிய ராஸ் கடல் குழுவைச் சேர்ந்த பத்துப் பேர் கரையில் சிக்கினர்; இந்தக் குடில் அவர்களுக்குப் புகலிடமானது. அவர்களுள் மூவர் இறந்தனர், எஞ்சியோர் 1917 ஜனவரியில்தான் மீட்கப்பட்டனர். கடல்நாய்க் கொழுப்பை எரித்தே அவர்கள் குளிர்காய்ந்தார்கள், சமைத்தார்கள். அந்தக் கரியைத் துடைத்தால் பெட்டி அழகாகிவிடும், அவர்கள் அங்கே வாழ்ந்த தடமோ போய்விடும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதே குடிலின் இருட்டறையில் கட்டியாக ஒட்டிக் கிடந்த, அக்குழுவினருடைய 22 புகைப்பட நெகட்டிவ்களை 2013-இல் பிரித்தெடுத்து உருவங்களைக் காண முடிந்ததும், ஒதுக்கத்தக்கதாகத் தோன்றிய ஒன்றை எவரும் தூக்கி எறியாததால்தான்.

சீர்செய்த ஒவ்வொரு பொருளும், முன்பே எடுத்த புகைப்படத்தை ஒப்பிட்டு, அதே அடுக்கில் அதே திசை பார்த்து வைக்கப்படுகிறது. உப்பு மறுபடியும் படியத்தான் செய்யும் என்பதால், கோடையில் குழுவினர் சென்று பனியை அகற்றி, டின்களில் புதிய துரு தென்படுகிறதா என்று பார்க்கிறார்கள்.