குவேக்கர் ஸ்கூல்ல பிள்ளைங்களே எச்சில் தட்டு கழுவணுமா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவுல இருக்கோம், பொண்ண ஒன்பதாவதுக்கு குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு நடத்துற போர்டிங் ஸ்கூல்ல சேக்கலாம்னு போய் பாத்துட்டு வந்தோம். படிப்பு, டீச்சர்ஸ் எல்லாம் பிடிச்சிருக்கு ஆனா சாப்பாட்டு ஹால்ல பிள்ளைங்களே பரிமாறி மேஜை தொடச்சு எல்லார் எச்சில் தட்டையும் கழுவுறாங்க, டர்ன் போட்டு வருஷம் பூரா. இவ்வளவு ஃபீஸ் கட்டி இதுவுமான்னு மாமியார் கேக்குறாங்க. ஆள் சம்பளம் மிச்சம் பண்றதுக்கா, இல்ல வேற காரணமா?

பதில் 1:
எங்க பையன் இப்படி ஒரு ஸ்கூல்லதான் படிச்சான். சாப்பிடுறதுக்கு முன்னாடி எல்லாரும் கை கோத்துக்கிட்டு கொஞ்ச நேரம் பேசாம நிப்பாங்க, அப்புறம் டீச்சரும் பிள்ளையும் ஒரே மேஜை, ஒரே பாத்திரத்துல இருந்து எடுத்துக்கணும், கடைசில இருக்கிறவனுக்கு மிச்சம் இருக்கான்னு பாத்துதான் போட்டுக்கணும். மொத மாசம் பானை தேய்க்கிற டர்ன் வந்து போன்ல அழுதான், எனக்கும் மனசு கேக்கல. லீவுக்கு வந்தப்ப பாட்டி சாப்பிட்ட தட்ட அவனே எடுத்துட்டுப் போய் கழுவினான், எங்க வீட்ல எந்த ஆம்பளையும் அதுவரைக்கும் அப்படி செஞ்சதில்ல.

பதில் 2:
சம்பளம் மிச்சம் பண்ற விஷயம் மட்டும் இல்ல அக்கா. ஆள் பாத்து மரியாதை கூட்டிக் குறைக்கக் கூடாதுங்கறது குவேக்கர்ஸோட பழைய பிடிவாதம், பெரிய மனுஷங்க முன்னாடி தொப்பிய கழட்ட மாட்டோம்னு இங்கிலாந்துல 1600கள்லயே ஜெயிலுக்குப் போனவங்க. அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஸ்கேட்டர்குட்னு ஒரு குவேக்கர் ஸ்கூல், 1890ல ஆரம்பிச்சது, பொருளாதார நெருக்கடில 1931ல மூடிட்டாங்க. 1939ல இருந்து 1943 வரைக்கும் ஹிட்லர்கிட்ட இருந்து தப்பி வந்த அகதிகளுக்கு அந்தக் கட்டடத்த விடுதியாக்கினாங்க, சுமார் 185 பேர் வந்து தங்கிப் போனாங்க. ஊர்ல பெரிய படிப்பு படிச்சு நல்ல வேலைல இருந்தவங்களும் குவேக்கர் ஸ்டாஃபோட சேர்ந்து சமையல், துவைக்கிறது, தோட்ட வேலைன்னு எல்லாத்தயும் பிரிச்சுக்கிட்டாங்க. 1944ல திரும்ப ஸ்கூல் திறந்தப்ப பிள்ளைங்களும் அப்படித்தான், சமையல், பாத்திரம் கழுவுறது, பண்ணை வேலைன்னு குழு குழுவா செஞ்சாங்க. எச்சில்னு நாம ஒதுக்குற வேலைய ஒரு ஆள் தலையில கட்டாம எல்லாரும் முறை போட்டு செய்யுறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா தெரியுது.

கேள்வி கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் நன்றி, மாமியாருக்கு படிச்சுக் காட்டினேன், அந்தப் பேரன் பாட்டி தட்ட கழுவினத ரெண்டு தடவ கேட்டாங்க. ஒரு சந்தேகம், பொண்ணுக்கு சோப்பு பட்டா கை வெடிச்சிடும், அதுக்கு என்ன செய்யுறது?

பதில் 1:
சேக்கும்போதே சொல்லிடுங்கம்மா. எங்க பையனோட ரூம்ல இருந்த பையனுக்கும் இதே பிரச்சன, அவனுக்கு மேஜை போடுறதும் காய் நறுக்குறதும் குடுத்தாங்க. வேலைய மாத்தித் தருவாங்க, வேலையே வேணாம்னு விட மாட்டாங்க.