தோழியோடு பத்துப் படம் பார்த்து மதிப்பெண் போடுகிறோம்: முதலிடத்தை எப்படி முடிவு செய்வது?

கேள்வி: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்கர் விருதில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்படும் பத்துப் படங்களையும் நானும் என் தோழியும் சில ஆண்டுகளாகச் சேர்ந்தே பார்த்து வருகிறோம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று தனித்தனியே குறிப்பேட்டில் எழுதி, பிறகு இருவரின் மதிப்பெண்ணையும் கூட்டி எங்கள் வரிசையை அமைப்போம். பெரும்பாலான ஆண்டுகளில் இதில் சிக்கல் வந்ததில்லை. 2024-ஆம் ஆண்டு விழாவுக்கான பட்டியல் மட்டும் எங்களுக்குள் இன்றுவரை தீராத வழக்காகவே இருக்கிறது.

அந்தப் பட்டியல் ஜனவரி 23 அன்று வெளியானது. விழாவோ மார்ச் 10. நம் கணக்கில் 11-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. ‘ஒப்பன்ஹைமர்’, ‘பார்பி’ இரண்டையும் முந்தைய ஆண்டே திரையரங்கில் பார்த்துவிட்டோம். மற்ற எட்டையும் தோழி வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம், அவற்றுள் சிலவற்றை விழா முடிந்து வெகுநாள் கழித்து. மூன்று மணி 26 நிமிடம் ஓடும் ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃபிளவர் மூன்’ லோட் ஷெடிங்கில் பாதியில் நின்றுபோனதால் அதை இரண்டு சனிக்கிழமைகளில் பார்த்து முடிக்க வேண்டியதாயிற்று.

வழக்கு இதுதான். ‘த ஸோன் ஆஃப் இன்டரெஸ்ட்’ படத்துக்கு நான் 9 கொடுத்தேன். தோழி 6 கொடுத்தார். ‘ஒப்பன்ஹைமர்’ படத்துக்கு அவர் 9, நான் 5. ‘பாஸ்ட் லைவ்ஸ்’ படத்துக்கு மட்டும் இருவரும் 8. கூட்டிப் பார்த்தால் 16 பெற்று அதுவே முதலிடத்துக்கு வருகிறது. அந்தப் படத்தின் மேல் எனக்குக் குறையில்லை. பன்னிரண்டு வயதில் சியோலை விட்டுப் புலம்பெயர்ந்தவள், வளர்ந்த பின்னும் உறக்கத்தில் கொரிய மொழியில்தான் பேசுகிறாள் என்று அவள் கணவன் சொல்லும் இடத்தில், பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே அவர்களைத் தாலாட்டிய என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் எங்கள் இருவரில் எவருக்கும் முதற்படமாக இல்லாத ஒன்றைத் தலையில் வைப்பது முறைதானா? அத்துடன், ‘ஸோன்’ பார்த்த அன்று நல்ல மழை. கூரையில் அடித்த மழையும் மின்விசிறியும் சேர்ந்து படத்தின் ஒலியைப் பெரிதும் மறைத்துவிட்டன. நான் அதை மறுவாரம் ஹெட்ஃபோன் போட்டுத் தனியே மறுபடி பார்த்தேன், தோழி பார்க்கவில்லை. அவரை மீண்டும் பார்க்கச் சொல்லி மதிப்பெண்ணை மாற்றக் கேட்கலாமா?

பதில் 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

அம்மா, உங்கள் தோழி கொடுத்ததிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் எது, நீங்கள் கொடுத்ததிலேயே மிகக் குறைந்தது எது என்று தெரிந்தால் சரியாகச் சொல்ல முடியும்.

கேட்டவர்

ஐயா, அவருடைய பட்டியலில் 6-க்குக் கீழே எதுவும் இல்லை. அந்த 6-ம் ‘ஸோன்’ ஒன்றுக்குத்தான். நான் 3 வரை இறங்கியிருக்கிறேன். ‘ஒப்பன்ஹைமர்’ என் வரிசையில் ஏழாவது.

பதில் 1 (தொடர்ச்சி)

நான் ஐயப்பட்டது சரியாகிவிட்டது. அவருடைய 6 என்பது உங்கள் 3-க்குச் சமம். அவர் அந்தப் படத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார். ஆனால் மதிப்பெண்ணை அப்படியே கூட்டும்போது அது 15 பெற்று இரண்டாமிடத்துக்கு வந்துவிடுகிறது. நீங்கள் ஒரே ஒரு மதிப்பெண் கூட்டி எழுதியிருந்தால், தோழி கடைசியில் வைத்த படம் முதலிடத்தைப் பங்கு போட்டிருக்கும். அகலமாக மதிப்பெண் போடுபவரின் கையே ஓங்கும் என்பதுதான் கூட்டல் முறையின் குறை.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஒவ்வொருவரின் வரிசை எண்ணைக் கூட்டுங்கள். ‘பாஸ்ட் லைவ்ஸ்’ 2-ம் 2-ம் சேர்ந்து 4. ‘ஒப்பன்ஹைமர்’ 7-ம் 1-ம் சேர்ந்து 8. ‘ஸோன்’ 1-ம் 10-ம் சேர்ந்து 11. எண்ணிக்கை குறைந்ததே முதலிடம். உங்களுக்கு ஐயம் தந்த அதே படம் இன்னும் உறுதியாக முதலில் நிற்கிறது.

சிலர் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் முறையையே பின்பற்றச் சொல்வார்கள். அது இருவருக்கு உதவாது. பரிந்துரை பத்தாக உயர்ந்த 2010 விழாவிலிருந்து (ஜோஹானஸ்பர்க்கில் படமாக்கப்பட்ட ‘டிஸ்ட்ரிக்ட் 9’ அந்தப் பத்தில் ஒன்று என்பது நமக்கெல்லாம் பெருமை) சிறந்த படத்துக்கு மட்டும் வாக்காளர்கள் படங்களை விருப்ப வரிசையில் எழுதுகிறார்கள். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதல் வாக்கு பெறாவிட்டால், முதல் வாக்கு மிகக் குறைவாக உள்ள படம் நீக்கப்பட்டு, அந்தச் சீட்டுகள் அவற்றில் அடுத்ததாக உள்ள படத்துக்குப் போகின்றன. ஆயிரக்கணக்கானோர் வாக்களிக்கும் இடத்தில் இது நன்றாக இயங்கும். உங்கள் இருவரிடம் அதே முறையைப் போட்டால், முதல் வாக்கு ஒன்றுகூட இல்லாத ‘பாஸ்ட் லைவ்ஸ்’ முதற்சுற்றிலேயே வெளியேறிவிடும். மற்ற இரண்டும் ஆளுக்கொரு வாக்கோடு முடிவில்லாமல் நிற்கும்.

பதில் 2: லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

அக்கா, வரிசைக் கணக்கு ஐயா சொன்னபடியே இருக்கட்டும். ஆனால் மழைச் சத்தத்தில் ‘ஸோன்’ பார்த்தால் அந்தப் படத்தைப் பார்த்ததாகவே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலை முகாமின் தலைவன் குடும்பம் மதிலுக்கு இந்தப் பக்கம் தோட்டம் வைத்து வாழ்கிறது; மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் கொலையை இயக்குநர் ஜொனதன் கிளேசர் நமக்குக் காட்டுவதே இல்லை. துப்பாக்கி வெடியும், உலையின் இரைச்சலும், தொலைவில் எழும் அலறலும் காதில் மட்டுமே விழுகின்றன. சிறுவன் தன் அறையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு கைதி தண்டிக்கப்படுவது சன்னல் வழியே கேட்கும் இடம் ஒன்று உண்டு. ஒலி கேட்காதவருக்கு அது வெறும் விளையாட்டுக் காட்சியாகத்தான் தெரியும். அவ்வளவு பெரிய வெடிப்புக் காட்சியைக் கொண்ட ‘ஒப்பன்ஹைமர்’ அதே பிரிவில் போட்டியிட்டும், சிறந்த ஒலிக்கான விருது இந்தப் படத்துக்கே கிடைத்தது.

பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்தவர்களே இறுதி வாக்களிக்கலாம் என்று அகாடமியே 2025 ஏப்ரலில் விதி அறிவித்திருக்கிறது. ஆகவே மறுபடி பார்க்கச் சொல்வதில் தவறில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருவரும் ஒரே நாளில் ஒரே முறையில் பாருங்கள்.

பதில் 3: ஃபீனிக்ஸ், டர்பன்

தங்கச்சி, ஒன்றைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவர் ஏன் 6 கொடுத்தார் என்று அவரையே கேட்டீர்களா? ஒலி கேட்காததால்தான் என்று நீங்களாகவே எண்ணிக்கொண்டது போல எனக்குப் படுகிறது. அந்தப் படத்தை நான் திரையரங்கில், நல்ல ஒலியில்தான் பார்த்தேன். அப்படியும் அந்த வீட்டுக்காரியின் தோட்டத்துக்குள் 105 நிமிடம் உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மக்களை இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தால் வீட்டை இழந்த குடும்பங்களில் பிறந்தவர்கள், அடுத்தவர் நிலத்தில் தழைத்த தோட்டங்களைக் கண்ணாலேயே பார்த்தவர்கள். அவர்களுடைய தீர்ப்பு வேறாக இருக்கலாம். அதற்குக் காது காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கேட்டவர்

அக்கா, நேற்று மாலை கேட்டேன். நீங்கள் சொன்னதுதான் உண்மை. மழையிலும் தனக்கு வேண்டிய அளவு கேட்டது என்றார். 1960-களில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து அவர்கள் குடும்பத்தை இங்கே மாற்றியபோது அவருக்கு ஐந்து வயது. கொய்யா மரத்தையும் கறிவேப்பிலைச் செடியையும் விட்டுவிட்டு வந்த அந்த முற்றத்தில் பிறகு யார் நின்றார்கள் என்று தன் அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னார். முகாமின் கொடுமையையும் அதையும் தான் ஒன்றாக வைக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார். இருந்தாலும், செத்தவர்களுக்கு முகம் கொடுக்காமல், கொன்றவனின் படுக்கையறையையும் சாப்பாட்டு மேசையையும் இவ்வளவு நேரம் காட்டும் படத்துக்கு 6-க்கு மேல் கொடுக்கத் தன் மனம் இடம் தரவில்லை என்றார். முகம் காட்டாததே அந்தப் படத்தின் நேர்மை என்பது என் கருத்து. அதை அவரிடம் சொன்னேன். இரவு எட்டு மணி வரை பேசினோம். நானும் மாறவில்லை, அவரும் மாறவில்லை.

மறுபடி பார்க்கும்படி அவரைக் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. ஐயா சொன்ன வரிசைக் கணக்கை இருவரும் ஏற்றுக்கொண்டோம்; ஆகவே ‘பாஸ்ட் லைவ்ஸ்’ முதலிடத்திலேயே இருக்கிறது. குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே இரண்டு வரி காரணம் எழுத இடம் விட்டுக் கோடு போட்டிருக்கிறேன். ‘ஸோன்’ படத்துக்கு நேராகத் தன் காரணத்தைத் தோழி தம் கையாலேயே எழுதிவிட்டார். என்னுடையதை இன்று இரவு எழுதப் போகிறேன்.