கட்டமும் குமிழியும் இருந்தால் அது கவிதையா, காமிக்ஸா?

கேள்வி:
முத்து காமிக்ஸும் புதுக்கவிதையும் விடாமல் படித்து வளர்ந்தவன் நான். ஆனால் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் தடுமாறுகிறேன். கனடாக் கவிஞர் பி.பி.நிக்கோல் (1944–1988) வரைந்த சில பக்கங்கள் கிடைத்தன. கட்டம் இருக்கிறது, பேச்சுக் குமிழி இருக்கிறது, ஆட்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் நிற்கின்றன. கதை என்று எதுவும் இல்லை. இதை எப்படிப் படிப்பது?

பதில் 1:
கதையைத் தேடாதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். காமிக்ஸில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளையில்தான் நேரம் ஓடுகிறது, அதை நிரப்புவது நாம்தான், கவிதையில் வரி உடையும் இடத்திலும் அதேதான் நடக்கிறது. கவிஞர் ஓய்கன் கோம்ரிங்கர் ஜெர்மன் மொழியில் மௌனம் என்ற ஒரே சொல்லை வரிக்கு மூன்றாக ஐந்து வரி அடுக்கினார், நடு வரியின் நடுவில் மட்டும் சொல் இல்லை. மொத்தம் 14 முறை சொல்லியும் வராத மௌனம் அந்த ஓட்டையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நிக்கோலுக்கு எழுத்து என்றால் உயிருள்ள ஆள் மாதிரி. சிறுவயதில் வினிபெக்கில் எச் என்று பெயரிட்ட பிரிவில் குடியிருந்தவர், கடைசி வரை அந்த எழுத்தின் மேல் தனிப் பிரியம்.

பதில் 2:
ஓவியர் ஜோ பிரெய்னார்டையும் பாருங்கள். 1964-இல் நியூயார்க்கில் ‘சி காமிக்ஸ்’ கொண்டுவந்தார், அடுத்த ஆண்டு இரண்டாவது இதழ். பல பக்கங்களில் இவர் படம் வரைந்து கொடுக்க, ஃபிராங்க் ஓ'ஹாரா மாதிரியான கவிஞர் நண்பர்கள் குமிழிகளில் சொற்களை எழுதினார்கள். படத்துக்கு விளக்கம் எழுதாமல் படத்தோடு மல்லுக்கு நின்றார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

பதில் 3:
நம் சித்திரகவியும் இதுதானே? பாட்டின் எழுத்துகளைத் தேர், பாம்பு வடிவில் அடுக்கும் ரத பந்தம், நாக பந்தம் எல்லாம் இருக்கிறதே. சம்பந்தரின் திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் 1-2-1, பிறகு 1-2-3-2-1 என்று ஏறி இறங்கி, கட்டம் போட்டு எழுதினால் தேராகவே நிற்கும்.

பதில் 1 எழுதியவர்:
சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. தேர்க் கவியை ஒருவர் பாடக் கேட்டாலும் அது கவிதையாகவே நிற்கும். கோம்ரிங்கரின் ஓட்டையை வாயால் சொல்ல முடியுமா? ஆங்கிலேய ஓவியர் டாம் பிலிப்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966-இல் லண்டனில் மூன்று பென்ஸுக்கு 1892-ஆம் ஆண்டு நாவல் ஒன்றை வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் அதன் மேலேயே வண்ணம் தீட்டி, சில சொற்களை மட்டும் மிச்சம் வைத்தார். மிச்சமான சொற்களைச் சொல் இடுக்குகளில் ஓடும் வெள்ளைக் கோடுகள் இணைப்பதால் அவை குமிழி மாதிரியே தெரியும். இதையே ஐம்பது வருடம் செய்தார். இதில் படத்தை எடுத்துவிட்டால் கவிதையும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிகிறது. ராத்திரி நானே ஒன்று முயன்று பார்த்தேன். முதல் கட்டத்தில் ‘மழை’. இரண்டாவது காலி. மூன்றாவதில் அந்த ஐகாரக் கொம்பு மட்டும் தனியாகத் தரையில் கிடக்கிறது. நடுக் கட்டத்துக்குக் கோடு போடுவதா, அதையும் அழித்துவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கோடு இருந்தால் மழை ஓயும்வரை காத்திருப்பது போல இருக்கிறது, இல்லாவிட்டால் வெறும் தாள்தான் தெரிகிறது.