அடகுக் கடையில் பார்த்த பழைய பேஸ் கிட்டார்: வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். ஹூஸ்டனில் எங்கள் வீட்டருகே உள்ள ஓர் அடகுக் கடையில் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பு என்று சொல்லி 700 டாலர் கேட்கிறார்கள். ஆனால் தலைப்பகுதியில் உள்ள வரிசை எண் எம்எக்ஸ்14 என்று தொடங்குகிறது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) மேல் தந்திகள் மிக உயரமாக நிற்கின்றன, ஒலிக் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. என்னிடமுள்ள ஸ்குவையர் (ஃபெண்டரின் மலிவு விலைப் பிராண்ட்) பேஸை அங்கேயே விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில் 1:
எம்எக்ஸ் என்பது மெக்சிகோவைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. அங்கே என்செனாடா நகரிலுள்ள ஃபெண்டர் ஆலையில் செய்யப்பட்டவை நல்ல கருவிகளே, ஆனால் அமெரிக்கத் தயாரிப்பின் விலையை அவற்றுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கழுத்து திருகுகளால் மட்டுமே உடலோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அந்த எண் கழுத்துக்கு மட்டுமே சாட்சி என்பதையும் மறவாதீர்கள்.

தந்திகளின் உயரத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்; கழுத்து வளைந்திருக்கலாம். தந்திகளை முதலில் முறையாகச் சுருதி சேருங்கள். தளர்ந்த தந்திகளோடு பார்த்தால் கழுத்தின் உண்மையான வளைவு தெரியாது. பிறகு ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திக்கொண்டு, 7ஆம் ஃப்ரெட்டருகே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு முகவரி அட்டையின் கனம் இருந்தால் போதும். அதைவிட அதிகமென்றால், கடைக்காரரின் அனுமதியோடு டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) அதன் மரையைத் திருப்பிக் கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். மரை ஏற்கெனவே முழுவதும் இறுகியிருந்தும் வளைவு நீங்கவில்லையென்றால், எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பதில் 2:
கரகரப்பு பெரும்பாலும் குமிழின் உள்ளே சேர்ந்த தூசிதான். மின்தொடர்பு சுத்திகரிப்புத் திரவம் சிறிது தெளித்துப் பலமுறை திருப்பினால் போய்விடும். ஆயினும் பேரம் பேசும்போது அதைச் சொல்லத் தயங்காதீர்கள். வரிசை எண் எழுதிய ரசீதையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் கருவி உங்கள் கையை விட்டுப் போகும். உங்கள் ஸ்குவையரை அங்கே விற்க வேண்டாம். மறுவிற்பனையில் லாபம் பார்க்க வேண்டிய கடை, நேரடியாக வாங்கும் வாசிப்பாளர் தருவதைத் தர இயலாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். மரை தாராளமாகத் திரும்பியது; கால் சுற்றிலேயே இடைவெளி குறைந்தது. மீதி உயரத்தைப் பிரிட்ஜில் (உடலில் தந்திகள் முடியும் பகுதி) அவற்றைத் தாங்கும் சேடில்களை இறக்கிச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். வரிசை எண்ணைக் காட்டிப் பேசியதில் 480 டாலருக்கு, ரசீதோடு கொடுத்தார்கள். ஸ்குவையர் வீட்டிலேயே இருக்கிறது.